பெர்லுக்கு எந்தப் பக்கம்?

சலோமாவின் பையில் ஒரு காகிதம் இருந்தது. அதில் பதினோரு கேள்விகள் எழுதியிருந்தாள். அவளுக்கு வயது பதினொன்று என்பதற்காக அல்ல. பதினோராவது கேள்வியோடு பென்சில் முனை உடைந்துவிட்டது, அவ்வளவுதான்.

கேள்விகள் எல்லாம் குதிரை வாங்குவதைப் பற்றியவை.

அமெரிக்காவில் பழைய முறைப்படியே வாழும் எங்கள் ஆமிஷ் ஊர்களில் டிராக்டர் கிடையாது. குதிரை இழுத்தால்தான் உழவு. சலோமாவின் அப்பா ஈனோஸ் முன்பு வைத்திருந்தது இரண்டு இளங்குதிரைகள். இரண்டும் சரியான முரடுகள். பிப்ரவரியில் ஒருநாள் அவை மிரண்டு ஓடியதில் அப்பா வண்டியிலிருந்து விழுந்து, வலது தோள் எலும்பு முறிந்துவிட்டது. குதிரைகளை விற்றாயிற்று. தோள் சேர இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓட்ஸ் விதைக்கவோ இரண்டே வாரம்தான் இருந்தது.

“நான் உழறேன்ப்பா” என்றாள் சலோமா. ஐந்து பிள்ளைகளில் அவள்தான் மூத்தவள். அவர்களுடையது உட்கார்ந்து ஓட்டும் கலப்பை; தம்பிகளை உட்கார வைத்தால் மிதிக்குக் கால் எட்டாது.

“பக்கத்து வீட்டுக்காரங்களைக் கேட்டா உழுது குடுப்பாங்க” என்றார் அப்பா.

“ரெண்டு மாசமா நம்ம மாட்டுல பால் கறக்கறதே அவங்கதான். இன்னும் எத்தனைதான் கேக்கறது?”

அப்பா தாடியைத் தடவினார். அவருக்கும் அதுதான் உறுத்தல்.

“சரி. வயசான, சாதுவான ஜோடி கிடைச்சா நீ ஓட்டு. மிரள்ற குதிரைன்னா கிட்டக்கூட விடமாட்டேன். அழுதாலும் விடமாட்டேன்.”

“நான் எதுக்கு அழறேன்?” என்று சொல்லிவிட்டுப் பென்சிலைத் தேடப் போனாள் சலோமா.

திங்கட்கிழமை காலை இருவரும் வெர்னா பெரியம்மாவின் பண்ணைக்குப் போனார்கள். வெர்னாவின் கணவர் நோவா நவம்பரில் இறந்துவிட்டார். அவருடைய குதிரை ஜோடி பெர்லும் டியூக்கும் குளிர்காலம் முழுக்கச் சும்மா நின்றிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டது வெர்னாவின் தங்கை மகன் லெஸ்டர். பக்கத்து மாவட்டத்தில் நாற்காலி செய்பவன்; நோவா இறந்ததிலிருந்து இங்கேயே தங்கியிருந்தான்.

“வாங்க, வாங்க” என்றார் வெர்னா. ஈரத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை எங்கள் ஊர்களில் துணி துவைக்கும் நாள் ஆயிற்றே, வாசல் முழுக்கப் போர்வைகள் படபடத்தன. “நீங்க வாங்கினா எனக்கு நிம்மதி ஈனோஸ். இல்லேன்னா நாளைக்குக் கிழட்டுக் குதிரை வாங்கற லாரிக்காரர் வர்றேன்னிருக்கார்.”

அந்த லாரியில் ஏறும் கிழட்டுக் குதிரைகள் எந்த வயலுக்கும் போவதில்லை என்பது சலோமாவுக்குத் தெரியும். காகிதத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கொட்டகையிலிருந்து லெஸ்டர் குதிரைகளை வெளியே கொண்டுவந்தான். வைக்கோல் நிறப் பிடரி, அகன்ற முதுகு. பெர்லின் தோள் சலோமாவின் தலைக்கு மேலே இருந்தது.

“முதல் கேள்வி. வயசு என்ன?”

“ஒரு பன்னெண்டு இருக்கும்” என்றான் லெஸ்டர்.

சலோமா டியூக்கின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். பற்கள் நீண்டு முன்னால் சாய்ந்திருந்தன. “பன்னெண்டா? லெஸ்டர் அண்ணா, நாற்காலிக்கு வயசு சொல்றீங்களா?”

வெர்னா சிரித்துவிட்டார். “பெர்லுக்குப் பதினாறு, டியூக்குக்குப் பதினேழு. அவனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நீ பாரு.”

சலோமா பார்த்தாள். குளம்புகளில் வெடிப்பு இல்லை. கழுத்துப்பட்டை படும் இடத்தில் புண் இல்லை. கால்களில் வீக்கம் இல்லை. அப்பாவும் இடது கையால் தடவிப் பார்த்துத் தலையசைத்தார்.

“அஞ்சாவது கேள்வி. வண்டியில பூட்டினா எப்படிப் போகும்?”

லெஸ்டர் பூட்டினான். ஏர்க்காலுக்கு இடது பக்கம் பெர்ல், வலது பக்கம் டியூக். வாரைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறி நாக்கைச் சொடுக்கினான்.

பத்தடி போவதற்குள் ரகளை ஆரம்பித்தது. இடப்பக்கக் கொடியில் ஒரு போர்வை படபடக்க, பெர்ல் துள்ளி டியூக்கின் மேல் சாய்ந்தது. டியூக் தடுமாறியது. வண்டி வளைந்துபோய்ப் பால் கேனை முட்ட, கேன் கடகடவென்று கோழிகளுக்கு நடுவே உருண்டது. கோழிகள் ஆளுக்கொரு திசையில் பறந்தன. லெஸ்டரின் தொப்பி எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

“வோ! வோ!” என்று கத்தி ஒருவழியாக நிறுத்தினான்.

அப்பாவின் முகம் வெளுத்திருந்தது. கை தானாகத் தோளைப் பிடித்துக்கொண்டது. “போதும். மன்னிச்சுக்குங்க வெர்னா அக்கா. கிளம்பு சலோமா.”

“இன்னும் ஆறு கேள்வி இருக்குப்பா.”

“சலோமா!”

“முழுசாப் பாக்காம வேண்டாம்னு சொல்லக்கூடாதுப்பா. வாங்கறதுக்கு மட்டுமில்ல, வேண்டாங்கறதுக்கும் பாக்கணும்ல?”

அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். அது போதும் என்று எடுத்துக்கொண்டாள் சலோமா.

குதிரைகளை அவிழ்த்து, தலைக்கட்டைக் கழற்றச் சொன்னாள். கண்ணோரத் தோல் மறைப்புகளும் அதோடு கழன்று வந்தன. பெர்லின் இடப்பக்கமாகப் போய்க் கழுத்தைத் தொட்டாள். பெர்ல் திடுக்கிட்டது. வலப்பக்கமாகப் போய்த் தொட்டாள். பெர்ல் அவள் பாக்கெட்டை மோந்து பார்த்தது.

சலோமாவுக்கு ஏதோ தட்டியது. பெர்லின் வலது கண்ணுக்கு நேராக ஒரு விரலை மெதுவாகக் கொண்டுபோனாள். பெர்ல் இமைத்தது. இடது கண்ணுக்கு நேராக, காற்று படாமல் அதேபோல் கொண்டுபோனாள். கண் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் இமைக்கவில்லை.

“பெரியம்மா, இதுக்கு இந்தக் கண்ணு தெரியாதா?”

வெர்னா ஈரத் துணியோடு ஓடிவந்தார். “ஐயோ! நோவா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! எனக்குத் தெரிஞ்சிருந்தா மறைச்சிருக்கமாட்டேன் ஈனோஸ்.”

“உங்களைத் தெரியாதாக்கா எனக்கு?” என்றார் அப்பா. பிறகு சலோமாவைப் பார்த்து, குரலைத் தணித்துச் சொன்னார்: “முடிஞ்சுபோச்சு கண்ணு. பாதிக் கண்ணு குதிரைகிட்ட உன்னை விடமுடியாது.”

சலோமாவே கண்டுபிடித்து அவளே கெடுத்துக்கொண்டாள். அந்தக் கண்ணைச் சோதிக்காமல் இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. நாளை வரப்போகும் லாரியை நினைத்தாள். அழமாட்டேன் என்று சொல்லியிருந்ததால் வேலிக்கு அப்பால் பார்த்தாள்.

அங்கே குளிர்காலக் கோதுமை பச்சைப் பசேலென்று நின்றது. சால் ஒவ்வொன்றும் நூல் பிடித்த மாதிரி இருந்தது.

“பெரியம்மா, அந்த வயலை உழுதது யாரு?”

“நோவாதான். போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி.”

“எந்தக் குதிரை?”

“இதுங்கதான். வேற எது இருக்கு?”

“அப்போ இந்தக் கண்ணோட எப்படி இவ்வளவு நேரா உழுதுச்சு?”

அதற்குள் பெர்ல் வாசலில் தானாக நடக்க ஆரம்பித்தது. டியூக்கின் பின்னால் சுற்றிக்கொண்டு போய், அதன் வலது பக்கம் ஒட்டி நின்று பெருமூச்சு விட்டது. தெரியாத கண் டியூக்கின் பக்கம். தெரியும் கண் வெளிப்பக்கம்.

சலோமா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டென்று லெஸ்டர் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, பெர்லை இடது பக்கம் பூட்டணும்னு உங்களுக்கு யார் சொன்னா?”

“யார் சொல்லணும்? நாலு மாசமா நான்தானே தீனி போடறேன். கொட்டகையில பெர்ல் இடது, டியூக் வலது. தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்.”

“எங்க நின்னு தீனி போடுவீங்க?”

“முன்னாடி நின்னுதான். மூஞ்சிக்கு நேரா.”

“வண்டியில எங்க உக்காருவீங்க?”

“பின்னா…” லெஸ்டர் பாதியில் நிறுத்தினான். தன் இரண்டு கைகளையும் பார்த்தான். அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி நின்று மறுபடி பார்த்தான். காது மடல் சிவந்துவிட்டது.

“மூஞ்சியைப் பாத்து நின்னா இடது. முதுகைப் பாத்தா வலது” என்றாள் சலோமா. “பாவம், ரெண்டையும் பக்கம் மாத்திப் பூட்டிட்டீங்க.”

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். தோள் வலித்தும் அவரால் நிறுத்த முடியவில்லை. “நாற்காலிக்கு முன்பக்கம் பின்பக்கமாவது தெரியுமா லெஸ்டர்?”

மறுபடி பூட்டினார்கள். இம்முறை பெர்ல் வலப்பக்கம்.

“நான் ஓட்டட்டுமாப்பா?”

அப்பா போர்வைகளைப் பார்த்தார். பெர்லைப் பார்த்தார். பிறகு வண்டியில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஓட்டு. நான் இருக்கேன்.”

சலோமா வாரைக் கையில் எடுத்தாள். நாக்கைச் சொடுக்கினாள்.

கொடியில் போர்வை படபடத்தது. டியூக் அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசாமல் நடந்தது. பெர்லின் காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பியது. டியூக்கின் தோள் தன் தோளில் உரசிக்கொண்டிருந்ததால் அதுவும் பேசாமல் நடந்தது. திரும்பி வரும்போது துணிகள் வலப்பக்கம் வந்தன. அந்தப் பக்கம் பெர்லுக்கே நன்றாகக் கண் தெரியும்.

மீதிக் கேள்விகளையும் சலோமா விடவில்லை. கனமான மரத்துண்டைக் கட்டி இழுக்கவைத்தாள். நிறுத்திவிட்டு நூறு வரை எண்ணினாள். இரண்டும் அசையாமல் நின்றன. மூச்சிரைப்பு சீக்கிரம் தணிந்தது. பின்னால் போகச் சொன்னதும் போயின.

“எல்லாம் சரி” என்றார் அப்பா. “ஆனா ஒரு கண்ணு… யோசிக்கத்தான் வேண்டியிருக்கு.”

“உழும்போது வலது பக்கக் குதிரை எங்கப்பா நடக்கும்?”

“சாலுக்குள்ள.”

“அப்போ போன சாலே வழி காட்டும். இந்தப் பக்கம் டியூக் இருக்கு. அந்தப் பக்கம் கண்ணு தெரியுது. பின்னாடி நான் இருக்கேன். வேற என்னப்பா வேணும்?”

அப்பா இடது கையை வெர்னாவிடம் நீட்டினார். வெர்னா அதைப் பிடித்துக் குலுக்கினார். கண்ணைச் சொல்லி விலையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னதும் வெர்னாதான். வேண்டாம் என்றவர் அப்பா. கடைசியில் அவர்கள் வெர்னா சுட்டு வைத்திருந்த ஆப்பிள் பலகாரத்தில் சமாதானம் ஆனார்கள். அதில் பாதியை லெஸ்டர் தின்றுவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை சலோமா உழ ஆரம்பித்தாள். தம்பிகள் நால்வரும் வேலியில் வரிசையாக ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வயலின் மறுகோடியில் நின்றார். முதல் சால் உழுது முடித்து அவள் அவரிடம் வந்து சேர்ந்ததும், அவர் குனிந்து ஒரு கண்ணை மூடி, சாலின் நீளம் முழுக்கப் பார்த்தார்.

“நடுவுல ஒரு கோணல் இருக்கே.”

சலோமாவின் முகம் சின்னதாகிவிட்டது. “பெர்லாலயா?”

“அதுங்க ரெண்டும் நேராத்தான் போச்சு. அங்க நீதான் வாரை இழுத்துட்டே.”

“அப்போ சரி” என்றாள் சலோமா. முகமெல்லாம் சிரிப்பு. “என்னை நான் திருத்திக்குவேன்.”

குதிரைகளைத் திருப்பினாள். பெர்ல் சாலுக்குள் இறங்கிக் குளம்பைப் பதித்தது. அடுத்த சால் வயலின் அந்தக் கோடிவரை கோணாமல் போயிற்று.