மூக்குக்கு எட்டாத வாசனை

ஹாலில் இருந்த மெஷின் சிவப்பானபோது வீட்டில் எந்த வாசனையும் இல்லை.

பிற்பகல் நான்கு மணி இருக்கும். ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் துணி செருகி, அடுப்பை அணைத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. காற்றைச் சுத்தம் செய்யும் அந்த வெள்ளை மெஷின் காலையிலிருந்து நீல விளக்கோடு, இருக்கிற இடம் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று விளக்கு ஆரஞ்சுக்குப் போய், அங்கே நிற்காமல் சிவப்புக்குத் தாவியது. யாரோ பெயின்ட் டப்பாவைத் திறந்து அதன் முன்னால் நீட்டிய மாதிரி உள்ளே விசிறி பெருங்குரலெடுத்து இரைந்தது.

மெஷினுக்குத் தெரிந்த வாசனை தனக்குத் தெரியாமல் போவது அவள் கண்டறியாத சங்கதி. டிரை கிளீனிங் கடையில் பதினாலு வருடம் கறை எடுக்கிற வேலை பார்த்தவள் அவள். துணியை முகர்ந்தே இது காப்பி, இது பேனா மை, இது வீட்டுக்காரி போடாத வேறு யாரோ ஒருத்தியின் சென்ட் என்று சொல்லிவிடுவாள். கடையில் அவளுக்கு 'மோப்பக்காரி' என்றே பேர். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. கறை எடுக்கும் திரவங்களின் ஆவியை அத்தனை வருடம் குடித்த உடம்பு, ஒருநாள் இனி என்னால் ஆகாது என்று கையை விரித்துவிட்டது. மூச்சிரைப்பு, தோல் தடிப்பு, மண்டையைப் பிளக்கும் வலி. இப்போது சோப்பு ஆகாது, ஃபினாயில் ஆகாது, புதுப் புத்தகம் ஆகாது. பேப்பரைக்கூடப் பால்கனிக் கொடியில் ஒருநாள் காயப்போட்டு மறுநாள்தான் படிப்பாள். "எங்க அண்ணிக்கு மட்டும் உலகம் ஒரு நாள் லேட்டாத்தான் நடக்கும்" என்று நாத்தனார் சிரிப்பாள். சிரிப்புக்குள் முள் இருக்கும். பிடுங்கிப்போட இவளுக்குத் தெம்பு இருக்காது.

அவள் கணவர் பஸ் டிரைவர். டிப்போவிலேயே வாசனையில்லாத சோப்பில் குளித்துவிட்டு, வாசலில் இன்னொரு முறை துணி மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார். ஆறு மாதமாக ஹாலில் படுக்கிறார். விடியற்காலை டூட்டி, உன் தூக்கத்தைக் கெடுப்பானேன் என்றார். சரி என்றாள். அதற்கு மேல் கேட்கவும் தெம்பு வேண்டுமே.

அன்று சோபாவுக்கு அடியில், செருப்பு வைக்கும் தட்டில், கதவிடுக்கில் என்று மூலை முடுக்கெல்லாம் மண்டியிட்டு முகர்ந்தாள். சூடான பிளாஸ்டிக், சுவரின் பழைய சுண்ணாம்பு, கீழ்வீட்டுக் கொடியில் காயும் போர்வை. அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் விளக்கு தானாகவே நீலத்துக்குத் திரும்பியது.

மறுநாளும் அதே நான்கு மணி. அதே சிவப்பு. மூன்றாம் நாள் காலையில் மெஷின்காரரைக் கூப்பிட்டாள்.

அவர் நடுத்தர வயதுக்காரர். சொன்னபடி சென்ட் பூசாமல், முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தார். மூடியைக் கழற்றினார், ஃபில்டரை வெளியே எடுத்துத் தட்டினார், வாசனையைக் கண்டுபிடிக்கும் குட்டித் துவாரத்தைப் பஞ்சால் துடைத்தார். எதற்கோ முகக்கவசத்தைக் கீழே இறக்கியவர், சட்டென்று முகத்தைச் சுளித்தார்.

"மேடம், வீட்ல எலி கிலி எதுவும் செத்துக் கிடக்குதா?"

"எனக்கு ஒரு வாசனையும் வரலையே."

"வரலையா?"

அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கவசத்தை மறுபடி ஏற்றிக்கொண்டார். "மெஷின் மேல தப்பு இல்லைங்க. அது பாவம், முடிஞ்ச மட்டும் இழுத்துப் பாக்குது."

"என்ன மாதிரி வாசனை? சும்மா சொல்லுங்க."

அவர் திருகாணியை முடுக்கியபடி யோசித்தார். "எலி இல்லைங்க. எப்படிச் சொல்றது... ரொம்ப நாளா வாயே திறக்காத ஒருத்தர் பக்கத்துல வந்து மூச்சு விட்டா, அந்த மாதிரி."

போகும்போது ஸ்க்ரூ டிரைவரை மறந்துவிட்டார். பால்கனியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். பரவாயில்லை, இருக்கட்டும் என்று கையைக் காட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார்.

அன்று பிற்பகல், படுக்கையறையில் இருந்த இன்னொரு மெஷினை இழுத்து வந்து, ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே உள்ள நடையில் வைத்தாள். நான்கு மணிக்கு ஹால் சிவந்தது. பத்து நிமிடத்தில் ஹால் நீலமானது. அது நீலமான கையோடு நடை சிவந்தது.

நடக்கிறது. மெதுவாக. எந்த அவசரமும் இல்லாமல்.

பயம் வந்ததோ இல்லையோ, பெரிய அலுப்பு வந்தது. ஒளிந்துகொள்ள உலகத்தில் அவளுக்கு இருந்தது இந்த இரண்டு அறைதான். இதையும் விட்டுவைக்கவில்லையா?

சாயங்காலம் கணவர் சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னாள். மெஷின்காரர் சொன்னதைச் சொன்னபோது அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அந்த வாசனை எனக்கு ஆறு மாசமாத் தெரியும்." தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உன்கிட்டேர்ந்து வருதுன்னு நெனச்சேன். உடம்புக்கு முடியாதவ, மருந்து மாத்திரை சாப்பிடறவ... உன்கிட்ட போய் எப்படிச் சொல்றது?"

"அதான் ஹால்ல படுக்கறீங்களா?"

தலையை மட்டும் ஆட்டினார். அவளுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை, சிரிப்பு வந்தது. "அட பாவி மனுஷா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" அவரும் சிரித்துவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

"ரெண்டு நாள் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாமா?" என்றார்.

"ரூமுக்கு ரூம் சென்ட் அடிச்சு வெச்சிருப்பாங்க. ஒரு மணி நேரம்கூட என்னால தாங்க முடியாதுங்க."

"அப்ப நாளைக்கு லீவு போடறேன். என்னதான் வருதுன்னு ரெண்டு பேரும் பாத்துடலாம்."

மறுநாள் மூன்றரை மணிக்கே அவர் ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு நெஞ்சு இறுக்கமாக இருந்ததால் கட்டிலில் சாய்ந்துகொண்டாள். திறந்த கதவு வழியாக நடையில் இருந்த மெஷின் தெரிந்தது. சாத்திய ஜன்னலின் கண்ணாடிக்குப் பின்னால் வெயில் மங்கலாக, பழைய எண்ணெயின் நிறத்தில் நின்றது. சுவர்க் கடிகாரத்தின் முள் நகரும் சத்தமும், தன் மார்புக்குள் ஓடும் மெல்லிய விசிலும் அவள் காதில் மாறி மாறிக் கேட்டன.

ஹால் மெஷின் இரைந்தது.

"வந்துடுச்சு." மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசும் குரல்.

"ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் இல்ல. வாசனை மட்டும்தான். கதவுகிட்டேர்ந்து வருது."

அவள் காத்திருந்தாள். ஹாலில் இரைச்சல் அடங்கியது.

"இங்க இல்ல. போயிடுச்சு."

நடையில் ஆரஞ்சு. பிறகு சிவப்பு. வெறும் நடை. வெறும் சுவர். சுவரில் சிவப்பு ஒளி. அதற்கு நடுவே காற்று அசைவதுகூடத் தெரியவில்லை. அவள் ஆழமாக மூச்சை இழுத்து முகர்ந்தாள். பதினாலு வருடப் பழக்கம். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை, இன்னும் ஆழமாக இழுத்தாள்.

நடை நீலமானது.

"எங்க போச்சு?" என்றாள்.

அவர் நடைக்கு வந்து முகர்ந்து பார்த்தார். "இங்கயும் இல்லையே."

படுக்கையறையில் மெஷின் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. அவர் நடை மெஷினைத் தூக்கிவந்து கதவருகே இருந்த பிளக்கில் சொருகினார். நீலம். வயரை இழுத்து பீரோவுக்குப் பக்கத்தில் தள்ளினார். நீலம். ஜன்னலடியில் நீலம்.

கட்டிலருகே கொண்டுவந்தார்.

சிவப்பு.

மெஷின் வீறிட்டது. அவர் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். எதுவும் இல்லை. நிமிர்ந்தார்.

"என்னங்க?" என்றாள் அவள்.

அந்த ஒரு சொல் அவர் முகத்தில் போய் அடித்தது போலிருந்தது. ஒரு எட்டு பின்னால் நகர்ந்தார். கை தானாக மூக்குக்குப் போனது. போன கையைப் பார்த்து அவரே கூசினார். இறக்க முடியவில்லை.

"பேசாத," என்றார். "கொஞ்ச நேரம்... வாயத் திறக்காம இரு."

அவளுக்குப் புரிந்தது. உதடுகளை இறுக்கி மூடினாள். மூக்கை விரல்களால் அழுத்திப் பிடித்தாள். உள்ளங்கையால் வாயை அழுந்தப் பொத்தினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

விளக்கு மாறவில்லை.

பத்து. பதினைந்து. காது அடைத்தது. கண்ணில் நீர். உள்ளே ஒரு பொட்டுக் காற்றும் போகவில்லை. வெளியே வரவும் இல்லை.

கணவர் விளக்கைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. அவர் பார்த்த இடத்தை அவளும் குனிந்து பார்த்தாள்.

அவளுடைய மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நிதானமாக. ஆழமாக. அசந்து தூங்குகிற ஒருவரின் மார்பைப் போல.