வயிற்றில் நிற்காத தண்ணீர்

ஐந்தாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் குளிர் வந்தது, பிறகு ஸ்பிரிட் வாசனை. காலை மணி பதினொன்று. ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. வெயில் வெள்ளைத் தரை மேல் நீளமாகப் படுத்திருந்தது. பேய் நினைப்பு வரக்கூடிய இடமே இல்லை.

கைத்தடியை லிஃப்டிலேயே மகளிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு எழுபத்தெட்டு வயது. துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் அதிகாரியாக இருந்தவன். அந்நியர் முன்னால் தடி ஊன்றிப் பழக்கமில்லை.

பேத்தியின் கல்யாணத்துக்கு இன்னும் நாற்பது நாள். சம்பந்தி வீட்டார் நாலு பேர் மதிக்கும் குடும்பம். வாசலில் நிமிர்ந்து நின்று அவர்களை நான் வரவேற்க வேண்டும். அதற்காகத்தான் மகள் என்னை இங்கே அழைத்து வந்தாள். வயதாக ஆக உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் சக்தி வற்றிப் போகிறதாம். மருந்தை நரம்பில் ஏற்றினால் திரும்பி வருமாம். அவளும் மூன்று மாதமாக ஏற்றிக்கொள்கிறாள்.

"போன வண்டிக்குக் கை காட்டற வேலைடி இது" என்றேன்.

"வண்டிக்குக் காட்ட வேண்டாம்ப்பா. நர்ஸுக்குக் காட்டுங்க, போதும்."

நர்ஸ் ஒரு படிவத்தோடு எதிரே உட்கார்ந்தாள். நாற்பது வயதுக்காரி, வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். சர்க்கரை உண்டா, ரத்தக்கொதிப்பு உண்டா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"குடும்பத்துல சின்ன வயசுல யாராவது இறந்திருக்காங்களா சார்?"

"யாரும் இல்லை."

"அத்தை ஒருத்தங்க இருந்தாங்களேப்பா?" என்றாள் மகள்.

"அது காய்ச்சல். அதெல்லாம் இவங்க கேக்கற கேள்வியில வராது."

நர்ஸ் 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள்.

சாய்வு நாற்காலியில் உட்கார்த்தினார்கள். இடது பக்கம் மகள். வலது பக்கம் ஒரு காலி நாற்காலி.

"அப்பா, முதுகுல கோல் வச்சுத் தச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க. சாஞ்சுக்கங்க."

"எனக்கு இதுதான் சாய்றது."

கம்பியில் மஞ்சள் நிறப் பை தொங்கியது. நர்ஸ் குழாயின் சக்கரத்தை உருட்டி, சொட்டுகளை எண்ணி நிறுத்தினாள்.

"மூணு மணி நேரம் ஆகும் சார். வேகமா ஏத்தினா நெஞ்சை அடைக்கும், குமட்டும். பொறுமையா இருங்க."

சொட்டு. இடைவெளி. சொட்டு.

கண்ணை மூடினேன். ஏசியின் இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. காய்ந்த நாக்கு அண்ணத்தில் ஒட்டி, மெல்லப் பிரியும் சத்தம்.

த்சக்.

வலது பக்கத்திலிருந்து.

கண்ணைத் திறந்தேன். காலி நாற்காலி. தலைக்கு மேல் என் பை சுருங்கித் தொங்கியது. அரை மணிதான் ஆகியிருந்தது.

நர்ஸ் ஓடி வந்தாள். "யார் சார் வேகத்தைக் கூட்டினது? நெஞ்சு எப்படி இருக்கு?"

"ஒண்ணும் பண்ணலை."

"இந்த வேகத்துக்கு ஆளையே புரட்டிப் போட்டிருக்கணுமே!"

"எங்க குடும்பத்து உடம்பு அப்படி" என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். இரண்டு தலைமுறையாகப் படுக்கையில் விழாதவர்கள் நாங்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் பெருமையாக இருந்தது. வாய் மட்டும் வறண்டுகொண்டே வந்தது.

அடுத்த வாரம் அதே நாற்காலி. பை பத்தே நிமிடத்தில் தீர்ந்தது. இம்முறை நர்ஸ் பதறவில்லை. ஊசியைக் கழற்றிப் பஞ்சை அழுத்திக்கொண்டே, மகளுக்குக் கேட்காதபடி குனிந்தாள்.

"சார், உங்க பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணு யாரு?"

"எந்தப் பொண்ணு?"

"இருபத்திரண்டு வயசு இருக்கும். உதடெல்லாம் வெடிச்சு ரத்தமா இருந்துச்சு. குழாயைக் கையில பிடிச்சிருந்தா. நான் கிட்ட வந்தேன், ஆளைக் காணோம்."

யாருமில்லை என்றேன். ஆனால் யார் என்று எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு வயது இருபத்தொன்பது. அப்பா போய்விட்டார், வீட்டுக்கு நான்தான் தலை. தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு வாந்தி நிற்கவில்லை. தங்கைக்கு மூன்றாம் மாதம் என்று என் மனைவி அழுதுகொண்டே சொன்னாள். ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெளியே ஒருவனுக்குத் தெரிந்திருக்கும்.

விழுங்கிய தண்ணீரெல்லாம் திரும்பி வந்தது. பின்கட்டு வழியாக வந்து பார்த்த கம்பவுண்டர், "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா பொழச்சுக்கும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். ஆஸ்பத்திரியில் எழுதுவார்கள். எழுதினால் பேசுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நான் செய்தேன் ஓர் உலைமூடி. அவள் அறைக் கதவுதான் அது.

மூன்று நாள் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. நாக்கு ஒட்டும், பிரியும். நடுவில் ஒரே பேச்சு.

"வயித்துல எதுவும் நிக்கலண்ணா. நரம்புல ஏத்தச் சொல்லுங்கண்ணா. ஒரு பாட்டில்ண்ணா."

நான்காம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள் என்று எல்லோருக்கும் சொன்னேன். என் மனைவியும் அந்தக் கம்பவுண்டரும் போய்ச் சேர்ந்த பிறகு, உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மூன்றாம் முறை நான் போயிருக்கக் கூடாது. ஆனால் பயந்து நின்றுவிட்டான் என்ற பேர் வேண்டாம் என்று போனேன்.

ஊசி ஏறியது. பை நிரம்பி இருந்தது. சொட்டு நின்றுவிட்டது.

பிறகு குழாயில் சிவப்பு தெரிந்தது.

பை காலியானால் ரத்தம் விரல் நீளம் பின்னேறும், அது சகஜம் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள். இது நிற்கவில்லை. சிவப்பு நூல் மாதிரி, என் கையிலிருந்து தலைக்கு மேல் தொங்கும் பையை நோக்கி ஏறியது.

நர்ஸ் சக்கரத்தை இறுக்கினாள். குழாயை மடக்கிப் பிடித்தாள்.

ஏறியது.

த்சக்.

வலது பக்க நாற்காலியின் மெத்தை, யாரோ உட்கார்ந்தது போல் அமுங்கியது.

"அண்ணா."

என் காதுக்கு மட்டும் கேட்ட குரல் இல்லை அது. இடது பக்கம் தன் பையோடு இருந்த மகள் வெளிறிப் போய் என்னைப் பார்த்தாள்.

"அப்பா... அத்தை எதுல செத்தாங்க?"

சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்தேன்.

"சொல்லிடுங்கப்பா. உங்களை உறிஞ்சுதுப்பா அது. நிஜத்தைச் சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. ஆனால் அந்நியப் பெண் ஒருத்தி என் குழாயைப் பிடித்துக்கொண்டு, வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கல்யாணத்துக்கு இருபத்தாறு நாள் இருக்கிறது. முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"காய்ச்சல்."

மெத்தை மெல்ல எழும்பியது. ரத்தம் இறங்கி என் கைக்குத் திரும்பியது. நர்ஸ் மூச்சு விட்டாள்.

அப்போது இடது பக்கம், மகளின் பை படபடவென்று சுருங்கத் தொடங்கியது.

கல்யாணத்தன்று வாசலில் தடியில்லாமல் நின்றேன். "இந்த வயசுலயும் என்ன கம்பீரம்!" என்று சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். பெண்ணைப் பெற்றவள் எங்கே என்று கேட்டார்கள். காய்ச்சல் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். சுலபமாக நம்பக்கூடிய வார்த்தை அது.

இம்முறை நான் ஆஸ்பத்திரியைத் தடுக்கவில்லை. நகரத்திலேயே பெரிய இடம். எந்தப் பரிசோதனையிலும் நோய் தெரியவில்லை. விழுங்கியதெல்லாம் திரும்பி வருகிறது. பாட்டில் பாட்டிலாக ஏற்றுகிறார்கள்; நிமிடங்களில் வற்றுகிறது. அவள் தோலைக் கிள்ளினால் கிள்ளிய மடிப்பு அப்படியே நிற்கிறது.

வாயால் சொல்ல முடியாததைப் பெயர் போடாமல் எழுதிப் பார்த்தால் போதுமோ என்று, அவள் கட்டிலருகே உட்கார்ந்து இதை எழுதினேன். எழுதும் நேரம் முழுவதும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

இப்போதுதான் டாக்டர் வந்துவிட்டுப் போனார். "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி வந்திருக்கா ஐயா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

மகள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. ஐம்பத்தொரு வருடமாக என்னை அப்பா என்று கூப்பிட்டவள்.

"சொல்லுங்கண்ணா" என்றாள்.

"யாருக்கும் இல்லை டாக்டர்" என்றேன்.

புதுப் பாட்டில் மாட்டியிருக்கிறார்கள். நிறைந்திருக்கிறது. அவள் கையிலிருந்து குழாய் வழியாக ஒரு சிவப்பு நூல், மெல்ல, மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.