பின்னாலயே வர்றேன்

மூன்றாம் அறையின் மெத்தையில் இடது பக்கம் பள்ளம் விழுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கியிருந்த பெங்களூர்க்காரர்கள் காலி செய்து போனதும், அந்த மெத்தைக்கு வெள்ளை விரிப்பு மாற்றி, நான்கு மூலையையும் அடியில் செருகி, உள்ளங்கையால் நீவிச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு வந்தவள் ஹேமலதாதான். அதன் பிறகு யாரும் புக் பண்ணவில்லை. ஐப்பசி மழையில் வார நாட்களில் ஏற்காட்டுக்கு யார் வருகிறார்கள்? காற்றாடட்டும் என்று ஜன்னலைத் திறக்க வந்தவள் கட்டிலருகே நின்றுவிட்டாள். வலது பக்கம் கசங்கியிருந்தது. அதில் அதிசயம் இல்லை, அது அவள் புருஷன் சதீஷ் படுக்கிற பக்கம். ஆனால் இடது பக்கத்திலும், ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்து எழுந்த அளவுக்கு, தோளுக்கு ஒரு குழி, இடுப்புக்கு ஒரு குழி. தலையணையைத் தொட்டாள். ஈரமாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனபோது சீயக்காயும், ஓமலூரிலிருந்து அம்மா காய்ச்சி அனுப்பும் செம்பருத்தி எண்ணெயும் கலந்து அடித்தது. அவளுடைய தலையின் வாசனை.

அந்த அறையில் அவள் படுத்துப் பல மாதம் ஆகியிருந்தது. யாராக இருந்தாலும் அந்த இடத்தில் பயந்து கத்தியிருப்பார்கள். ஹேமலதாவுக்குப் பயம் வரவில்லை. சித்திரை மாதத்திலிருந்து அவளுக்கு எதுவும் வருவதில்லை.

மாரமங்கலம் போகிற ரோட்டில், காப்பிச் செடிகளுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவே, சேலத்து ஓனர் ஒருவர் கட்டிவிட்ட காட்டேஜ் அது. முன்னால் மூன்று அறை, பின்னால் சமையலறை, அதை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறையில்தான் ஹேமலதாவும் சதீஷும் குடித்தனம். கல்யாணமான கையோடு வேலைக்கு வந்தவர்கள். தோட்டமும் தண்ணீரும் அவன் பொறுப்பு, சமையலும் அறைகளும் அவள் பொறுப்பு. மழை பிடித்தால் தகரச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. மூன்றாம் அறையிலோ உட்கார்ந்தால் அமுங்குகிற மெத்தை, வெந்நீர் கொட்டும் குழாய், அழுத்தினால் சமையலறையில் மணி அடிக்கிற சுவிட்ச், கதவைச் சாத்தினால் மழையே இல்லாதது போன்ற அமைதி.

ஆள் இல்லாத நாட்களில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் அங்கே போய்க் கொஞ்ச நேரம் படுப்பார்கள். காட்டேஜ் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் செய்கிற சின்னத் திருட்டுதான், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒரே கட்டுப்பாடு, திரையை விலக்கக் கூடாது, விளக்குப் போடக் கூடாது. கேட்டில் இருக்கும் கேமராவில் வெளிச்சம் தெரிந்தால் ஓனர் சேலத்திலிருந்து போன் பண்ணிவிடுவார். சேர்ந்து போனாலும் தெரிந்துவிடும் என்று முதலில் சதீஷ் போவான், பிறகு அவள் பின்பக்கமாகச் சுற்றிப் போவாள். ஏரிக்கரையில் வாங்கிவந்த மிளகாய் பஜ்ஜியை அந்த இருட்டில் தடவித் தடவித் தின்பது, எண்ணெய்க் கையை யார் தலையணையில் துடைத்தது என்று சண்டை போடுவது, அவன் அசந்த நேரம் பார்த்துத் தன் சில்லிட்ட பாதத்தை அவன் முதுகில் வைத்து அலறவிடுவது. ராஜா ராணி வாழ்க்கைதான், அந்தக் கொஞ்ச நேரத்துக்கு.

சித்திரையில் நான்கு மாதக் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் மலையேறும்போது சதீஷ் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு மொத்தமும் மரத்துப் போயிருந்தது. சோறு வாய்க்குள் போயிற்று, வேலை நடந்தது, கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவன் கையைப் பிடித்தால் யாரோ யாருடைய கையையோ பிடித்திருப்பதைப் பார்ப்பது போல இருந்தது.

ஆவணியில் ஒருநாள் அவன் கூச்சத்தோடு கேட்டான். "ரூமு காலியாத்தான் இருக்குது. வர்றியா, செத்த நேரம் படுத்திருக்கலாம்."

மாட்டேன் என்றால் முகம் வாடிவிடுவான். "நீங்க போங்க, பின்னாலயே வர்றேன்," என்றாள். போகவில்லை. சமையலறை முக்காலியில் உட்கார்ந்து குழாய் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தவன் கோபித்துக்கொள்ளவில்லை, அவள் தலையை ஒருதரம் தடவிவிட்டுத் தோட்டத்துக்குப் போனான். அதிலிருந்து அவன் கூப்பிடும்போதெல்லாம் அதையே சொன்னாள், அதே முக்காலியில் உட்கார்ந்தாள். அவன் மறுபடி விசிலடிக்க ஆரம்பித்தான், மறுபடி ஷேவ் பண்ண ஆரம்பித்தான். தூங்கி எழுந்தால் மனசு தெளிகிறது போலிருக்கிறது, இந்தப் பொய் நல்லதாகத்தான் போயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள், பைத்தியக்காரி.

அன்று சாயங்காலம் அவன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏனுங்க, நேத்து மூணாம் நம்பர்ல என்ற பக்கம் படுத்தீங்களா?"

"உன்ற பக்கம் நீதான படுத்த?"

"நானா?"

சதீஷ் சிரித்தான். "உடு புள்ள, வெளையாடாத." பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "நேத்து நொம்ப நேரம் அழுதியில்ல. தலகாணியே நனைஞ்சு போச்சு. எனக்கு அதுலயே பாதி பாரம் கொறஞ்சிருச்சு ஹேமா. நீ அழுவாம இருந்ததுதான் எனக்குப் பயமா இருந்துது."

நான் வரவே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அவன் முகத்தில் கல்யாணத்தன்று இருந்த களை இருந்தது. அதை எப்படி அணைப்பது? "கை நல்லாக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

மறுநாள் காலை பால் கொண்டுவந்த மாதப்பனும் அவளைப் பார்த்ததாகத்தான் சொன்னார். அவர் பக்கத்து ஊரான தலைச்சோலைக்காரர், அவளை மகள் மாதிரி நடத்துகிறவர். பாத்திரத்தில் பாலை ஊற்றிக்கொண்டே பேசினார். "முந்தாநேத்து நீயும் அவனும் வராண்டாவுல நின்னுட்டிருந்தீங்களே கண்ணு. ரோட்டுல இருந்து கூப்புட்டேன், காதுலயே வாங்கல. நீ அப்புடிச் சிரிச்சுப் பாத்து எவ்வளவு நாளாச்சு. மொகமெல்லாம் தெளிஞ்சு போச்சு சாமி." சொல்லிவிட்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேனை மூடி எடுத்துக்கொண்டு, வந்ததைவிட வேகமாக இறங்கிப் போனார்.

அன்று மத்தியானமே மேகம் இறங்கிவிட்டது. ரோடு போயிற்று, கேட் போயிற்று, சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகப் போயின, மிளகுக்கொடி சுற்றிய அடிமரங்கள் மட்டும் மேலே ஒன்றுமில்லாமல் கறுப்பாக நின்றன. சதீஷ் வழக்கம்போலக் கூப்பிட்டான். அவள் வழக்கம்போலச் சொன்னாள். அவன் போனதும் முக்காலியில் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, காப்பிப் பழத்தோல் மக்கிய புளித்த வாடை கிளம்பும் ஈர மண்ணில் காலை ஊன்றி, சுவரைத் தடவிக்கொண்டே பின்பக்கமாகப் போய், மூன்றாம் அறையின் குளியலறை ஜன்னலுக்கு அடியில், கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் கழுத்துக்குள் இறங்குவதைக்கூடத் துடைக்காமல் நின்றாள்.

முதலில் மெத்தை முனகியது. பிறகு பேச்சு.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லவே இல்லீங்க," என்றது ஒரு பெண் குரல். ஹேமலதாவின் குரல். "ஆஸ்பத்திரிக்குப் போனமே, அதுக்கு மொத நாளு வயித்துக்குள்ள துடிச்சுது. மீன் குஞ்சு நழுவுனாப்ல. நீங்க வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

சதீஷ் தேம்புவது கேட்டது. குரல் அவனைத் தேற்றியது. பிறகு அதுவும் அழுதது. அழுதுகொண்டே எதற்கோ இருவரும் சிரித்தார்கள்.

அந்தத் துடிப்பை ஹேமலதா யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட. அவளிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. வயிற்றில், அது துடித்த இடத்தில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். வலிக்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் மரத்த உடம்புக்கும் புரிந்தது. இதை இப்படியே விட்டால் புருஷனும் போய்விடுவான். நாளைக்கு அவனுடன் கூடவே போக வேண்டும், கேமராவில் தெரிந்தாலும் தெரியட்டும், வேலை போனாலும் போகட்டும்.

மறுநாள் அவன் அவளைக் கூப்பிடவில்லை.

சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தான், தலை வாரினான், தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டான். சமையலறை வாசலில் நின்ற அவளைக் கடந்து போனான். அவன் தோள் அவள் தோளில் உரசியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. விசிலடித்துக்கொண்டே மேகத்துக்குள் இறங்கிப் போனான்.

"ஏனுங்க," என்றாள். "இருங்க, நானும் வர்றேன்."

விசில் நிற்கவில்லை.

ஓடினாள். வராண்டா ஈரமாக வழுக்கியது. கதவைத் தள்ளினாள். தாழ் போட்டிருந்தது. உள்ளே பேச்சு. அவன் குரல், பிறகு அவள் குரல். தட்டினாள். பேச்சு நின்றது.

"ஏனுங்க, நான்தாங்க."

மறுபடி தட்டினாள்.

"சதீஷ்," என்றாள். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தன் வாயிலிருந்து வந்த அந்தப் பெயர் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

உள்ளே யாரோ கட்டிலிலிருந்து இறங்கினார்கள். சின்ன அடிகள். வெறுங்கால். கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றன. மூச்சு. செம்பருத்தி எண்ணெய் வாசனை. ஒரு சுவிட்ச் அழுந்தும் சத்தம்.

சமையலறையில் மணி அடித்தது.

மூன்றாம் அறைக்கான மணி. அந்த மணிக்கு எத்தனையோ தடவை நடந்த கால்கள் அவளைக் கேட்கவில்லை. திரும்பின. நடந்தன. அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கியது. இஞ்சி தட்டிப் போட்டாள், அவனுக்குப் பிடிக்கும். இரண்டு கப் டீ. டிரே.

திரும்பி வந்தபோது திரை விலக்கியிருந்தது. விளக்கு எரிந்தது. மேகத்தின் மேல் மஞ்சள் வெளிச்சம் ரோடு வரைக்கும் விழுந்திருந்தது. யாரும் போன் பண்ணவில்லை.

தட்டுவதற்குள் கதவு திறந்தது. சதீஷ் திறந்தான். அவளைப் பார்த்தான், முழுசாக, மேலிருந்து கீழே. கோபம் இல்லை. வெறுப்பு இல்லை. அவனுக்கு அவளைத் தெரியவில்லை.

"அந்த டேபிள் மேல வெச்சுட்டுப் போங்கக்கா," என்றான் தன்மையாக.

நான் ஹேமாங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "வேற ஏதாச்சும் வேணுங்களா?" என்று வந்தது.

கட்டிலின் இடது பக்கத்தில் ஒருத்தி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஈரத் தலை. அழுது சிவந்த கண், சிரித்த வாய். ஹேமலதா கண்ணாடியில் பார்த்துப் பல மாதமான முகம். அவள் ஹேமலதாவையே பார்த்துக்கொண்டு, சதீஷின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தக் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். நைட்டிக்கு அடியில் வயிறு மேடிட்டிருந்தது. அவன் விரல்களுக்குக் கீழே, துணிக்குள், ஏதோ நழுவியது.

"சக்கரை இன்னுங் கொஞ்சம் வேணுங்கக்கா," என்றாள் அவள். "இப்பெல்லாம் எனக்கு இனிப்புத்தான் கேக்குது."

"சரிங்க," என்றாள் ஹேமலதா. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுச் சர்க்கரை எடுத்துவரப் போனாள்.