வோயாவின் பங்கு

இழுப்பறையின் பிடியில் ஈரக் களிமண் ஒட்டியிருந்தது. ஸ்தானா விரலால் வழித்துப் பார்த்தாள். பச்சை ஓடிய களிமண். மைதான்பெக் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில்தான் தாமிரம் கசிந்து மண்ணுக்கு இந்த நிறம் வரும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள் இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பெர்சா, இதைத் திறந்தியா?"

"போன மாசமே திறந்தேன் அண்ணி. உள்ள இருந்த வலி பிளாஸ்திரி அத்தனையும் அடுப்புல போட்டுக் கொளுத்திட்டேன்," என்றாள் நாத்தனார், பீன்ஸ் சூப்பைக் கிண்டியபடி. "உங்க உசுரைக் குடிக்கப் பார்த்த சனியன்!"

சனியன் எப்படி ஒட்டியது என்று பெர்சாவுக்குத் தெரியாது. அவள் புருஷன் வோயா சுரங்கக்காரன். முதுகெலும்பில் புற்று. முதலில், அபின் மாதிரி மருந்து ஊறிய பிளாஸ்திரி ஒன்றைத் தோலில் ஒட்டினால் குழந்தை மாதிரி தூங்கினான். பிறகு ஒன்று போதவில்லை, அப்புறம் இரண்டும் போதவில்லை. கடைசியில் எத்தனை ஒட்டினாலும் கேட்காமல் அலறிக்கொண்டேதான் செத்தான், பாவி மனுஷன். அங்கேயும் வலித்தால் என்ன செய்வான் என்று, மிச்சத்தில் பாதியை ஸ்தானா அவன் கோட்டுப் பையில் செருகித்தான் புதைத்தாள்.

அங்கேயும் வலித்தது. புதைத்த பிறகும் உள்ளறையில் அவன் முனகல் கேட்டது. செத்தவர் பேரைச் சொல்லி நாம் தின்றால் அது அவரைச் சேரும் என்பது அந்த ஊர் வழக்கம். ரொட்டிக்கும் ரக்கியாச் சாராயத்துக்கும் அது சரி. ஸ்தானா, புத்தி கெட்டவள், பிளாஸ்திரியைத் தன் தோளில் ஒட்டிக்கொண்டு "இது வோயாவுக்கு" என்று சொல்லிவிட்டாள். முனகல் நின்றது. நாள் போகப் போக அவனுக்கு ஒன்று போதவில்லை. அவளுக்கும்தான்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். ஒரு காலையில் அவளுக்குப் பசித்தது. எத்தனையோ மாதம் கழித்து வந்த பசி. அன்றைக்கே உயிர்மேல் ஆசையும் வந்துவிட்டது. அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னாள்: "மருந்து தட்டத் தட்ட உங்க உடம்பு கதவைச் சாத்திக்கிட்டே வந்துச்சு. இப்ப எல்லாக் கதவும் திறந்து கிடக்கு. பழைய அளவைத் தொட்டீங்கன்னா மூச்சு நின்னுடும்மா."

பெர்சா கிளம்பினாள். "நீங்க இல்லாதப்ப அண்ணன் பேருக்கு வாரா வாரம் நான் சாப்பிட்டேன். வயிறார இருப்பாரு."

"வலிக்கு?"

"செத்தவருக்கு என்ன அண்ணி வலி? பேசாம படுங்க."

வாசல் கதவு சாத்தியதும், மலையிலிருந்து இறங்கிய மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொள்ள, அடுப்பில் விறகு உட்காரும் சத்தமும் சூப்பின் புகையிறைச்சி வாசமும் அதற்கடியில் மெல்ல மெல்ல ஏறிவந்த நனைந்த மண் வாசமுமாக வீடு இருட்டிக்கொண்டு வந்தது. மண் வாசம் உள்ளறையிலிருந்து வந்தது. பூட்டிவிட்டுப் போன அறை. இப்போது திறந்து கிடந்தது.

"ஸ்தானா."

அவள் நகரவில்லை.

"வலிக்குதுடி."

"ரொட்டி தர்றேன் வோயா. ரக்கியா தர்றேன், உன் பேரைச் சொல்லி நானே குடிக்கிறேன். அது மட்டும் வேண்டாம்யா. என் உடம்பு அதை மறந்துடுச்சு. நான் செத்துடுவேன்."

"நான் மறக்கலையே."

முதுகுக்குப் பின்னால் ஏதோ கிழிந்தது. காகித உறை. பிளாஸ்திரி உறை. பெர்சாதான் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டாளே.

அவனோடு புதைத்த கோட்டுப் பை.

இன்னொரு உறை கிழிந்தது. இன்னொன்று.

கோட்டும் ஸ்வெட்டரும் பின்பக்கம் மேலேறின. கத்த வாயைத் திறந்தாள். கைக்கு எட்டாத இடத்தில், நடு முதுகில், ஈரமாக ஒன்று ஒட்டியது. பக்கத்தில் ஒன்று. அதன் பக்கத்தில் ஒன்று.

ஒட்டியதும் உள்ளங்கையால் அழுத்திச் சூடேற்ற வேண்டும். அவனுக்கு அவள் அப்படித்தான் செய்வாள்.

களிமண் அப்பிய ஒரு கை அவள் முதுகை அழுத்திப் பிடித்தது. சில்லென்றிருந்தது. விடவேயில்லை. அவள் மூச்சு ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போக, அந்தக் கை மெதுவாகச் சூடேறிக்கொண்டிருந்தது.