இரண்டு முறை தட்டினால்

டக் டக் என்று இரண்டு. ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் சும்மா இருக்கும். பிறகு மறுபடியும் இரண்டு.

என்ஜின் இப்படித் தட்டாது. பதினாலு வருசமாகத் தோட்டத்து டிராக்டரை ஓட்டும் விஜிதரனுக்கு அது தெரியாததல்ல. பெயரிங் தேய்ந்துபோனால், வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடவே ஓடிவரும். இது ஓடவில்லை. மேடு ஏறினாலும், இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தாலும் அதே இரண்டுதான், அதே இடைவெளிதான். தெரிந்தேதான் அவன் தோட்டத்துத் தொரையிடம் போய் என்ஜினில் கோளாறு என்று சொன்னான். ஃபெக்டரி வாசலில் இருக்கும் ரோதமுனி சாமிக்கு ஒரு தேங்காயும் நேர்ந்துகொண்டான். வண்டி நன்றாக ஓட வேண்டும் என்று நேர்ந்துகொள்ளும் டிரைவர்கள் எத்தனையோ பேர். கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

மறுநாள் மத்தியானம் நோர்வூட்டிலிருந்து ஞானரட்ணம் பாஸ் வந்தார். அங்கே சொந்தமாக கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக், அறுபது வயது, சட்டைப்பையில் எந்நேரமும் இஞ்சி டொஃபி கிடக்கும். கொட்டகையில் நின்ற டிராக்டரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். வெளியே மூடுபனி தேயிலைச் செடிகளை முழுசாக மூடியிருந்தது, உள்ளே டீசல் புகை வெளியேற வழியில்லாமல் கூரையடியில் தங்கி நின்றது, தகரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் சூடான என்ஜினில் பட்டுச் சுர்ரென்று ஆவியானது.

பாஸ் நீளமான ஸ்குரூ டிரைவரை எடுத்து அதன் முனையை என்ஜின் மேல் ஊன்றினார். பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்போடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். முதலில் வால்வுப் பக்கம், பிறகு பம்ப், பிறகு குனிந்து அடியில். விஜிதரன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மூணு சிலிண்டர்ல எது தட்டுதுன்னு பாப்போம்," என்றார் அவர். ஓடிக்கொண்டிருந்த என்ஜினில் முதல் டீசல் குழாயின் நட்டைத் தளர்த்தினார். அந்தச் சிலிண்டர் செத்து, மீதி இரண்டில் என்ஜின் நொண்டியது. காது கொடுத்துக் கேட்டுவிட்டு நட்டை இறுக்கினார். இரண்டாவது. மூன்றாவது.

"சுத்தம்," என்றார். "என் நெஞ்சுகூட இவ்வளவு ஒழுங்கா அடிக்காது தம்பி."

"நல்லாப் பாருங்க பாஸ். பழைய வண்டி, எங்கயாச்சும் இருக்கும்."

"எனக்கு வேல குடுக்கணும்னு இவ்வளவு ஆசப்படுற ஆள இன்னைக்கித்தான் பாக்குறேன்."

விஜிதரனுக்குச் சிரிப்பு வரவில்லை. தேய்ந்த பெயரிங் ஒன்றே ஒன்று அகப்பட்டால் போதும். அன்றைக்குக் கேட்டதும் அந்தப் பெயரிங்தான் என்று ஆகிவிடும். அவனால் மறுபடியும் நிம்மதியாகத் தூங்க முடியும்.

அன்றைக்கு என்றால் மூன்று கிழமைக்கு, இருபத்தோரு நாளைக்கு முன்பு. பதினொன்றாம் நம்பர் மலையில் குளவிக்கூடு கலைந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மற்றப் பெண்கள் ஓடித் தப்பினார்கள். நாகலெட்சுமி விழுந்துவிட்டாள். கங்காணியும் விஜிதரனும் அவளைத் தூக்கி டிரெய்லரில் கிடத்தி, மழைக்குப் போர்த்தும் படங்குத் துணியால் சுற்றிவிட்டார்கள். குளவி இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததால் கூட ஏற ஆளில்லை. சாயங்காலம் டிரெய்லரில் லயத்து வீடுகளுக்குத் திரும்பும் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இறங்கும் இடம் வந்தால் முன்பலகையில் இரண்டு முறை தட்டுவார்கள், டிரைவர் நிறுத்துவான். அன்றைக்கும் தட்டியது. முதல் வளைவில் இரண்டு, கோயில் வளைவில் இரண்டு, அதற்குப் பிறகு விடாமல். தூக்கும்போதே அவள் கொண்டையில் நாலைந்து குளவிகள் ஒட்டியிருந்ததை அவன் பார்த்திருந்தான். நிறுத்திப் படங்கைத் திறந்தால் அவை தன் முகத்துக்குத்தான் வரும். அவனுக்குப் பயம். என்ஜின்தான் தட்டுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டினான்.

அங்கே படங்கைப் பிரித்தபோது நாகலெட்சுமி உயிரோடு இல்லை. குளவிகள் இருந்தன.

"வெரல் முட்டியெல்லாம் தோலு உரிஞ்சிருக்கே தம்பி," என்று மறுநாள் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருசன் வீரய்யா கேட்டார். "வழியில தட்டுனாளா?"

"இல்லண்ணே. என்ஜின் சத்தந்தான் கேட்டுச்சு."

இப்போது பாஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, சத்தம் எங்கே வரும், எப்போது வரும் என்று கேட்டார். பின்னால் டிரெய்லர் மாட்டியிருந்தால், பதினொன்றாம் மலைப் பாதையில் வரும் என்று விஜிதரன் உண்மையைச் சொல்லவேண்டியதாயிற்று.

"அப்ப அது என்ஜினே இல்ல. டிரெய்லர மாட்டு. நான் பின்னால ஒக்காந்து கேக்குறேன்."

"வேணாம் பாஸ்."

"ஏன்?"

சொல்லிவிடலாம். ஆனால் பாஸும் வீரய்யாவும் ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். இன்றைக்கு இவரிடம் சொன்னால் நாளைக்கு அது அவருக்குப் போய்விடும். "மழ வரும் போல இருக்கு," என்று மட்டும் சொன்னான்.

மேலே போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. பத்தடிக்கு அப்பால் பாதை தெரியவில்லை. தூறல் பிடித்துக்கொண்டது. பாஸ் டிரெய்லரில் ஏறி முன்பலகையோடு சாய்ந்து உட்கார்ந்து, மூலையில் கிடந்த படங்கை இழுத்துத் தலைவரை போர்த்திக்கொண்டார். தோட்டத்தில் இருந்தது அந்த ஒரு படங்குதான். விஜிதரன் முன்னால் திரும்பிக்கொண்டான்.

முதல் வளைவு. டக் டக்.

பிரேக்கில் ஏறி நின்றான். இறங்கிப் பின்னால் ஓடினான். பாஸ் படங்கை விலக்கித் தலையை நீட்டினார்.

"ஏன் நிறுத்துன?"

"நீங்க தட்டலயா?"

"நான் கையக் கட்டிக்கிட்டுல்ல ஒக்காந்திருக்கேன். ஆனா எனக்கும் கேட்டுச்சு. இந்தப் பலகையிலதான் வருது. எங்கயோ போல்ட்டு லூசு."

போல்ட்டு. விஜிதரனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. வெறும் போல்ட்டு.

"நிறுத்துனா சத்தமும் நின்னுருது, எந்த போல்ட்டுன்னு புடிக்க முடியல," என்றார் பாஸ். "என்ன கேட்டாலும் ஃபெக்டரி வரைக்கும் நிறுத்தாத. சரியா?"

"சரிங்க பாஸ்."

மூன்று கிழமையில் முதல் முறையாக அவனுக்கு உடம்பு லேசாக இருந்தது. ஈரத் தேயிலை வாசனை வந்தது. கோயில் வளைவில் மறுபடியும் டக் டக் என்றது, அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கோழிக்கறி வாங்கிக்கொண்டு வீரய்யா வீட்டுக்குப் போய் ஒரு நாள் இருந்துவிட்டு வரவேண்டும் என்று நினைத்தான். அதற்குள் சத்தத்தின் இடைவெளி குறைந்திருந்தது. இறக்கம் செங்குத்து, பலகை அதிகமாக ஆடுகிறது, வேறென்ன. அதற்கடியில் மெல்லிசாக இன்னொரு சத்தம், ஒரு ரீங்காரம், கியர்பொக்ஸில் எண்ணெய் குறைந்தால் வருவது போல. நாளைக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும்.

டக் டக். டக் டக்.

போல்ட்டு.

இரண்டு இரண்டாக இல்லை இப்போது. நான்கு. எட்டு. இரண்டு பக்கத்திலும்.

போல்ட்டுதான். பாஸே சொன்னார். நிறுத்தாதே என்று அவர்தான் சொன்னார்.

திரும்பிப் பார்க்கலாம். கழுத்தைத் திருப்பினால் போதும்.

திருப்பவில்லை.

கியரை மாற்றினான். வேகம் கூடியது. தட்டலும் ரீங்காரமும் ஒன்றாகக் கலந்து முதுகுக்குப் பின்னால் வந்தன. பிறகு தட்டல் தளர்ந்தது. ஒன்று. நீண்ட நேரம் கழித்து ஒன்று.

பிறகு இல்லை.

ஃபெக்டரி வாசலில் என்ஜினை அணைத்தான். மூடுபனிக்குள் ஆள் நடமாட்டம் எதுவும் தெரியவில்லை.

"பாஸ், போல்ட்ட புடிச்சிட்டீங்களா?"

டிரெய்லரில் ஏறினான். படங்கு தலையோடு மூடியபடியே இருந்தது. நுனியைப் பிடித்து இழுத்தான்.

உள்ளே ஒரு குளவிகூட இல்லை. ஞானரட்ணத்தின் முகம் வீங்கிக் கண் எது வாய் எது என்று தெரியவில்லை. இஞ்சி டொஃபிகள் காலடியில் சிதறிக் கிடந்தன. பலகையில் வரிசையாக ஈரமான சிவப்புப் புள்ளிகள். முட்டி உரிந்த வலக்கை அந்தப் புள்ளிகளின் மேல் சாய்ந்து கிடந்தது.

நாடி பார்க்க மணிக்கட்டைப் பிடித்தான். அரை மணி நேரத்துக்கு முன்னால் பேசிய மனிதன். கை விறைத்துப்போய், செத்துப் பல நாள் ஆனது போலக் குளிர்ந்திருந்தது. நாடி இல்லை.

விட்டுவிடப் பார்த்தான். அவன் பிடித்திருந்த விரல்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அந்தக் கை மேலே எழுந்தது.

பலகையில் இரண்டு முறை தட்டியது.

ஒரு மூச்சு நேரம் காத்திருந்தது.

வண்டி நின்றுதான் இருந்தது. என்ஜின் அணைந்துதான் இருந்தது. கை மறுபடியும் எழுந்தது.