கடைசிப் பெரட்டு

"அப்புசாமி."

"இருக்கேன், ஐயா."

அடுத்த பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. அதைத் தாண்டி, தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி நவரட்ணம் அதற்கும் அடுத்த பெயரைக் கூப்பிட வாயைத் திறப்பதற்குள், யாரையும் கூப்பிடாத அந்தச் சின்ன இடைவெளியில், இன்னொரு குரல் "இருக்கேன், ஐயா" என்றது.

அவர் தலை நிமிர்ந்தார். புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் பனி மார்பளவு நிற்கும். அதற்குள் எண்பது பேர் பால்வாளியும் வெட்டுக்கத்தியுமாய் நிற்பது லாந்தர் வெளிச்சத்தில் வெறும் தலைகளும் தோள்களுமாகத்தான் தெரியும். புளித்த ரப்பர்ப்பால் வாடை, ஈரக் கித்தான் வாடை, யாரோ மென்றுகொண்டிருந்த வெற்றிலையின் வாடை எல்லாம் எப்போதும் போல இருந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் மெல்ல வந்தது. ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கூடத்தின் கரிப்புகை. அந்தக் கூடம் கால் மைல் தள்ளி இருந்தது, காற்றும் அசையவில்லை.

"எவனடா அது? பகிடி விடுறதுக்கு இதுவோ இடம்?"

வரிசையில் நின்றவர்கள் முகத்தில் குறும்போ திகைப்போ இல்லை. ஐயா ஏன் கத்துகிறார் என்று புரியாமல் நின்றார்கள். அப்படி ஒரு குரல் அவர்களுக்குக் கேட்கவே இல்லை என்பது தெரிந்ததும் அவருக்கு இன்னும் ஆத்திரம் பொங்கியது.

ஆத்திரம் நவரட்ணத்துக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த நாள் முதல் ஆத்திரத்தில்தான் சோறு தின்றார், ஆத்திரத்தில்தான் ஜெபம் பண்ணினார். தன்னைவிடப் பத்து வயது சின்னவனான வெள்ளைக்காரத் துரையின் மேல் ஆத்திரம். அவசரகாலம் என்று சொல்லி, ஆட்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்ட பட்டாளத்தின் மேல் ஆத்திரம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு இத்தனை வருஷமாக வராமலிருக்கும் ஆண்டவர் மேலும் கொஞ்சம் உண்டு. ஞாயிறு மாலைகளில், பால்வெட்டுக்காரர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் ஜெபக்கூட்டம் வைத்து, வேதத்தின் கடைசிப் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு அதையெல்லாம் கொட்டுவார். கொரியாவில் சண்டை, ஜப்பானில் விழுந்த குண்டு, இங்கே முள்கம்பி என்று ஒவ்வொன்றாகத் தீர்க்கதரிசனத்தோடு பொருத்திக் காட்டுவார். நியாயத்தீர்ப்பு என்றால் என்னவென்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் தோட்டம் முழுக்கப் பிரசித்தம்.

"அதுதான் கடைசிப் பெரட்டு. ஆண்டவர் செக்ரோலைத் திறந்து பேர் கூப்பிடுவார். பேர் உள்ளவன் வலப்பக்கம். இல்லாதவன் இடப்பக்கம்."

தினமும் வேலைக்குப் போகுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்துப் பழகியவர்களுக்கு அது சட்டென்று விளங்கியது. மனுஷன் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரசாங்கம் எல்லோருக்கும் கைநாட்டு வாங்கிக் கொடுத்த அடையாளக் கார்டைப் பற்றி ஆரம்பித்தார்.

"மிருகத்தின்ர முத்திரை வலது கையில விழும், அது இல்லாதவன் வாங்கவும் ஏலாது விற்கவும் ஏலாது எண்டு வேதத்தில கிடக்கு. இந்தக் கார்டைக் காட்டாமல் கடையில ஒரு சுண்டு அரிசி வாங்க ஏலுமோ? கைநாட்டு வைச்சது எந்தக் கை? யோசியுங்கோ! நெருப்பில போடுறவனுக்குத்தான் மீட்பு!"

மேசையை ஓங்கிக் குத்தினார். அவருடைய சொந்தக் கார்டு அப்போது சட்டைப்பையில், மெழுகுத்துணியில் சுற்றி, பத்திரமாக இருந்தது.

கேட்டவர்கள் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கார்டை அரிசிப்பானைக்குள் இன்னும் ஆழமாகப் புதைத்தார்கள். நம்பியவன் பிச்சைமுத்து ஒருவன்தான். ஞானஸ்நானம் வாங்கி ஆறு மாதமாகியிருந்தது, வேலை புகைக்கூடத்தில். மறுநாளே கார்டை அங்கிருந்த அடுப்பில் போட்டுவிட்டான். அரிசி வாங்க மனைவி குஞ்சம்மாவின் கார்டு இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன் பட்டாளம் வந்து பெரட்டுக்களத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தியது. லாரிக்கு முன்னால் ஒரு நாற்காலி. அதில் தலையில் கோணிச்சாக்கு மாட்டிய ஒரு ஆள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. காட்டில் ஒளிந்து அரசாங்கத்தோடு சண்டை போடும் கூட்டத்திலிருந்து வெளியே வந்து, அந்தக் காட்டுக்காரர்களுக்கு உதவியவர்களை ஆள் காட்டுகிறவன். ஒவ்வொருவரும் அவன் முன்னால் நின்று கடக்க வேண்டும். சாக்கு தலையாட்டினால் இடப்பக்கத்து லாரியில் ஏற வேண்டும். பிச்சைமுத்துவைப் பார்த்துச் சாக்கு அசையவில்லை. ஆனால் கார்டு எங்கே என்று அதிகாரி கேட்டான். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தவர் நவரட்ணம்.

"ஐயாதான் எரிக்கச் சொன்னாங்க. மிருகத்தோட முத்திரைன்னாங்க. நீங்களே சொல்லிருங்க ஐயா," என்றான் பிச்சைமுத்து. ஐயா பக்கத்தில் நிற்கும் தைரியத்தில் சிரித்துக்கொண்டே சொன்னான்.

நவரட்ணம் சொன்னார். கார்டைக் காட்டிலிருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டேன் என்கிறான் என்று, இலக்கணம் பிசகாத ஆங்கிலத்தில் சொன்னார்.

மறுநாள் உடம்பு வந்தது. தப்பி ஓடப் பார்த்தானாம், சுட்டார்களாம். செக்ரோலில் அவன் பெயரை நவரட்ணம் சிவப்பு மையால் அடித்தார். அதோடும் முடியவில்லை. காட்டுக்காரர்களுக்கு உதவியவனின் குடும்பம் என்று குஞ்சம்மாவையும் ஆறு வயது சாந்தியையும் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கப்பலேற்றி அனுப்ப உத்தரவாகியிருந்தது. வெள்ளிக்கிழமை லாரி வரும். தாயும் மகளும் பிறந்தது இந்தத் தோட்டத்து லயத்தில். கப்பல் போய்ச் சேரும் ஊரில் அவர்களுக்கு ஒரு நாய்கூடத் தெரியாது.

குரல் கேட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை குஞ்சம்மா கிராணி வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றாள்.

"ஒரே ஒரு வார்த்தை, ஐயா. அன்னைக்கு எம் புருஷன் என்ன சொன்னாருன்னு தொரைகிட்ட சொன்னா போதும்லா."

"என்ன கதைக்கிறாய் நீ? சொன்னால் என்னைப் பிடிச்சு அடைப்பாங்கள். தெரியுமோ?"

"தெரியும். ஒங்கள அடைப்பாங்க. அவரச் சுட்டுட்டாங்க."

அவர் கதவைச் சாத்தப் போனார். அவள் உள்ளங்கையால் கதவைத் தடுத்தாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒங்க வீட்டுச் செசிலியா அம்மாவ வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மிருகம் போடுறதும் முத்திரைதானாம். அதுக்கு முன்னால ஒரு எடத்துல தேவதூதன் கடவுளோட ஆளுங்க நெத்தியில போடுறதும் முத்திரைதானாம். ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான் போட்டிருக்காம். எது எந்த முத்திரைன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"விசர் பிடிச்சவளே, போ!" என்று கதவை அறைந்து சாத்தினார்.

உள்ளே மனைவி செசிலியா விளக்கைத் தூண்டிவிட்டு, வேதத்தை அவர் முன்னால் வைத்தாள். புரட்டினார். இரண்டு இடத்திலும் முத்திரைதான். ஒன்று காக்கிறது, ஒன்று நரகத்துக்குத் தள்ளுகிறது. சொல்லைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஆங்கில வேதத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல் என்று அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது மங்கலாக ஞாபகம் வந்தது. பிரசங்கத்துக்கு முன் ஒரு தடவை அலமாரியைத் திறந்து பார்த்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. இப்போது ஆங்கில வேதத்தை எடுத்துத் திறந்தார். எழுத்துகள் தெரிந்தன. எழுத்துக்கூட்டினார். ஆனால் கூட்டிய எழுத்துகள் சொல்லாகச் சேரவில்லை. திறந்த பக்கத்துக்குள்ளிருந்து கரிப்புகை வாடை வந்தது.

புதன்கிழமை அந்தக் குரல் முதல் வரிசையிலிருந்து வந்தது. நவரட்ணம் லாந்தரைத் தூக்கிப் பார்த்தார். அப்புசாமி நின்றான், பெரியநாயகி நின்றாள். நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள். ஏன் விட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஆபீசில் துரை என்னவோ கேட்டார். இவர் பதில் சொன்னார். துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு இவரை உற்றுப் பார்த்தார். தான் தமிழில் பேசியது அப்போதுதான் நவரட்ணத்துக்கு உறைத்தது. காய்ச்சல் என்று நெற்றியைத் தொட்டுக் காட்டிவிட்டு வெளியே வந்தார். காய்ச்சலுக்கு ஆங்கிலத்தில் என்ன? தெரியவில்லை. முப்பது வருஷமாக அவருக்குச் சோறு போட்ட பாஷை.

வியாழக்கிழமை குரல் தோளுக்குப் பின்னால் வந்தது. காதோரம் மூச்சு பட்டது. சூடான மூச்சு.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கே போய்ச் சொல்லுங்கோ," என்றாள் செசிலியா.

"என்னெண்டு சொல்லுறது? எந்தப் பாஷையில சொல்லுறது?"

"மூண்டு கிழமையா உங்களுக்குப் பாஷை இருந்ததுதானே!"

திருமணமாகி இருபது வருஷத்தில் அவள் அவரைப் பார்த்துக் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"நாளைக்குப் பாப்பம்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை," என்று சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவர் களத்துக்கு வருமுன்பே லாரி வந்து நின்றது. நாற்காலியும் இருந்தது. சாக்கும் இருந்தது. போன தடவை வந்த ஆள்தானா? சாக்குக்குள் யாரென்று யாருக்குத் தெரியும்? பனி கலையவில்லை. செக்ரோலைத் திறந்து பேர் கூப்பிட்டார். ஒவ்வொருவராக நடந்தார்கள். சாக்கு யாரையும் பார்த்து அசையவில்லை. அது அவர்களைப் பார்க்கவே இல்லை. இரண்டு ஓட்டைகளும் நவரட்ணத்தின் பக்கமே திரும்பியிருந்தன.

கடைசியாகக் குஞ்சம்மா. கையில் ஒரு துணிமூட்டை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாந்தி. அதிகாரி காகிதத்தைப் பார்த்து ஏதோ கேட்டான். நவரட்ணத்துக்கு அது வெறும் சத்தமாக விழுந்தது. ஆனால் போகுமுன் இவளுக்குச் சொல்ல ஏதாவது உண்டா என்றுதான் கேட்பான் என்று ஊகிக்க ஆங்கிலம் தேவைப்படவில்லை.

"அன்னைக்கு அவரு சொன்னத அப்படியே சொல்லுங்க, ஐயா. வேற ஒண்ணும் வேணாம்," என்றாள் குஞ்சம்மா.

கரிப்புகை நெஞ்சை அடைத்தது. சாக்கின் ஓட்டைகளிலிருந்து மெல்லிய இழையாக அது வெளியே வந்துகொண்டிருந்தது. வேறு யாரும் இருமவில்லை.

"நான்தான் எரிக்கச் சொன்னனான்," என்றார். "அவனில பிழையில்லை. நான்தான் மாத்திச் சொன்னனான். இவளை விடுங்கோ!"

தமிழில்.

அதிகாரி புருவத்தைச் சுருக்கினான். நவரட்ணம் இன்னும் உரக்கச் சொன்னார். கத்தினார். நெஞ்சிலே குத்திக் காட்டினார். ஒரு ஆங்கிலச் சொல். ஒன்றே ஒன்று. நாக்கு புரண்டது. வரவில்லை.

அதிகாரி சலித்துப்போய்ச் சாக்கின் பக்கம் திரும்பினான்.

சாக்கு பேசியது. ஆங்கிலத்தில். நிதானமாக, இலக்கணம் பிசகாமல்.

நவரட்ணத்தின் குரலில்.

சொற்கள் அவருக்குப் புரியவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தின் ஏற்ற இறக்கம் அவருக்குத் தெரியும். மூன்று வாரமாக ஒவ்வொரு இரவும் காதுக்குள் ஓடிய வாக்கியம் அது. கார்டைக் காட்டிலிருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டேன் என்கிறான்.

"இல்லை! அது பொய்! என்ர கார்டு இஞ்ச கிடக்கு!"

பையிலிருந்து மெழுகுத்துணியை எடுத்தார். பிரித்தார். சாம்பல். ஒரு கைப்பிடி சாம்பல், இன்னும் சூடாக. அவருடைய வலது பெருவிரலில் ஒட்டியது.

சாக்கு தலையாட்டியது.

பட்டாளத்து ஆட்கள் இரண்டு பேர் அவரைத் தூக்கி இடப்பக்கத்து லாரியில் எறிந்தார்கள். எதிரே, அதற்குள் ஏற்றப்பட்டிருந்த குஞ்சம்மா உட்கார்ந்திருந்தாள், மடியில் சாந்தி. அவள் அழவில்லை. கண்ணில் அப்படி ஒரு கோபம், லாரியே பற்றிக்கொள்ளும் போல.

"இப்பச் சொன்னீங்க," என்றாள். "யாருக்குப் புரிஞ்சுச்சு?"

லாரி நகர்ந்தது. பின்கதவின் கம்பிகள் வழியாகக் களம் தெரிந்தது. சாக்கு நாற்காலியை விட்டு எழுந்தது. கீழே கிடந்த செக்ரோலை எடுத்துத் தூசி தட்டியது. லாந்தரை இடது கையில் பிடித்தது, நவரட்ணம் பிடிப்பது போலவே. பக்கம் திருப்பியது. ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அவர்களுக்கு அங்கே நின்றது பெரிய கிராணி.

"அப்புசாமி."

"இருக்கேன், ஐயா."

அடுத்த பெயருக்குச் சாக்கு வாய் திறக்கவில்லை. ஒரு சின்ன இடைவெளி. சிவப்பு மையால் அடித்த பெயரைத் தாண்டும் இடைவெளி. இப்போது அங்கே அடித்திருப்பது தன் பெயர் என்று நவரட்ணத்துக்குத் தெரிந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார்.

"இருக்கேன், ஐயா!"

ஒருவரும் திரும்பவில்லை. சாக்கு மட்டும் தலை நிமிர்ந்து லாரி போகும் பக்கம் பார்த்தது. பிறகு குனிந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டது.

"பெரியநாயகி."

"இருக்கேன், ஐயா."