காலியாக விட்ட கட்டம்

“வண்டி புறப்பட்டது” என்று போன் சொன்னபோது மணி மூன்றேகால். ஏசுரத்தினம் எந்த வண்டியும் கேட்டிருக்கவில்லை.

நாலு நாளாக மழை விட்டபாடில்லை. வண்டன்மேட்டைச் சுற்றி எந்தத் தோட்டத்திலும் ஏலக்காய் எடுப்பு கிடையாது. கம்பத்திலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகள் அடிவாரத்திலேயே நின்றுவிட்டன. ஏலச்செடிகளின் நீண்ட இலைகளில் மழை விழும் சத்தம், தகரக் கூரையில் விழும் சத்தம், கீழே ஓடையின் சத்தம் என்று மூன்றும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தன. ஈரச் சாக்கின் வாடையும், பின்கட்டு ஸ்டோரில் போன வாரம் உலர்த்திய காயின் வாடையும் ஒன்றாகக் கலந்து வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தன. இப்படிப்பட்ட நாளில் வண்டி எதற்கு? தன் கங்காணிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் அவர் முதலில் நினைத்தார்.

கங்காணி என்றால் ஆள் இல்லை, போனுக்குள் இருக்கும் ஒரு மென்பொருள். மலையில் ஏலம் பயிரிடுகிறவர்கள், ஜீப்காரர்கள், பறிக்கும் குழுக்கள், உலர்த்தும் ஸ்டோர்காரர்கள் எல்லாரும் சேர்ந்து மூன்று வருஷம் முன்பு ஒரு கூட்டு ஏற்படுத்தினார்கள். ஆபீஸ் கிடையாது, தலைவர் கிடையாது, நாற்காலிச் சண்டையும் கிடையாது. ஒவ்வொருவர் போனிலும் ஒரு மென்பொருள். அது தன் முதலாளிக்காக மற்ற மென்பொருள்களோடு தானே பேசி, வேலையை ஏற்று, கைமாற்றி, முடித்துவைக்கும். தலைமுறை தலைமுறையாகக் கங்காணியிடம் வசவு வாங்கிய எஸ்டேட் சனம் அதற்கு வேறு என்ன பெயர் வைக்கும்? யார் வேண்டுமானாலும் சேரலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம். கதவே இல்லாத கூட்டு என்று அப்போது பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

போனில் வண்டி எண் இருந்தது. ஜீப் ஓட்டும் கோகுல்நாத்தின் வண்டி. கூப்பிட்டார்.

“எங்கடே வாற?”

“எங்கயும் வரலயே அண்ணாச்சி. வீட்டுலதான் கெடக்கேன்.”

“ஒன் வண்டி பொறப்பட்டிருக்குன்னு காட்டுதே.”

“வண்டி பட்டறையில எஞ்சினப் பிரிச்சுப் போட்டுக் கெடக்கு. பத்து நாளாச்சு. என்ன வேலைக்குன்னு போட்டிருக்கு?”

அதை அவர் அதுவரை பார்க்கவில்லை. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு போனை வைத்துவிட்டார்.

வேலை: மகளை வீட்டுக்குக் கொண்டுவருதல்.

போன ஆடியில், இதே மாதிரி மழையில்தான் ரிஞ்சு போனாள். இருபத்துமூன்று வயது. கட்டப்பனையில் ஒரு லேபில் வேலை. பஸ்ஸை விட்டு இறங்கி ஓடையின் தாழ்வான பாலத்தைக் கடந்தால் வீடு. அன்று பாலத்துக்கு மேலே தண்ணீர் போனது. குடை மட்டும் கிடைத்தது. தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி இறங்கினார்கள், ஊரே திரண்டு தேடியது, பதினேழாம் நாள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்காமல் கலைந்து போனார்கள்.

முதல் நாள் சாயங்காலமே யாரோ சொன்னார்கள், கூட்டில் போடுங்கள், நிமிஷத்தில் மலை முழுக்கத் தெரிந்துவிடும் என்று. மகளைத் தேடுவதற்கென்று கூட்டில் தனிப் படிவம் ஏது? காய் எடுக்க ஆள் கேட்கிற படிவம்தான் இருந்தது. தினமும் நிரப்பிப் பழகிய விரல் அன்றும் அதே தடத்தில் ஓடியது. என்ன, எங்கிருந்து, எங்கே. தரம் என்கிற இடத்தில் அடையாளம் எழுதினார்: பச்சைச் சுடிதார், நீளமான முடி, இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. கடைசியாக, ‘யப்பா’ என்று கூப்பிடுவாள் என்றும் எழுதினார். அதை ஏன் எழுதினோம் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வேலையை எந்தக் கங்காணியும் ஏற்கவில்லை. இயலாது என்று சொன்னால் அடுத்ததிடம் தள்ளிவிட வேண்டும் என்பது கூட்டின் விதி. தள்ளித் தள்ளி அது கூட்டையும் தாண்டி மலையிறங்கிப் போனது. கம்பம், தேனி, கொச்சி, பிறகு அவர் வாயில் நுழையாத ஊர்கள். மனிதர்கள் எல்லாரும் மறந்த பிறகும் மென்பொருள்கள் அதைக் கைமாற்றிக்கொண்டே இருந்தன. அதை நிறுத்த அவர் ஒருவரால்தான் முடியும். எத்தனையோ தடவை பொத்தான் மேல் விரலை வைத்துவிட்டு எடுத்திருக்கிறார். அழுத்தினால், பிள்ளையைத் தன் கையாலேயே தண்ணீருக்குள் தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிடும். பெற்ற மனசு, அவரால் ஆகவில்லை.

இப்போது அந்த வேலைக்கு நேராகப் பச்சை எழுத்தில், ‘ஏற்கப்பட்டது’.

ஏற்றது யார்? பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

“ஆருகிட்ட பேசுனீய?” அவர் மனைவி அன்னாள் அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள்.

“கோகுலு.”

“நான் உபதேசியாரோன்னு நெனச்சேன்.” ஞாயிற்றுக்கிழமை ரிஞ்சுவுக்கு வருஷ ஜெபம் வைக்கலாமா என்று சபை உபதேசியார் கேட்டிருந்தார். “அவர் கூப்பிட்டா வேண்டாம்னு சொல்லிருங்க. எம்பிள்ள செத்துட்டான்னு எவன் பாத்தான்?”

கோபமில்லாமல், உலை கொதித்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள். இந்த ஒரு வருஷத்தில் அவள் பாதியாக இளைத்திருந்தாள். ரவிக்கையின் தோள் நழுவி நழுவி இறங்கியது. அவளிடம் போனைக் காட்டினால் என்ன ஆகும் என்று ஏசுரத்தினத்துக்குத் தெரியும். மடியில் போட்டு மூடிக்கொண்டார்.

மடிக்குள்ளிருந்து போன் சொன்னது. “வண்டி புறப்பட்டது.”

“வண்டியா? இந்த மழையிலயா?”

“தப்பா அடிக்குது. நீ போ.”

அவள் போன பிறகு பார்த்தார். இரண்டாவது வண்டி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது. கூட்டில் நூற்றுப் பத்து உறுப்பினர்கள் உண்டு, எல்லாரையும் அவருக்கு முகம் தெரியும். இப்போது முந்நூற்று நாற்பது என்று காட்டியது. அவர் கண்ணெதிரே முந்நூற்று நாற்பத்தொன்று ஆனது. புதிதாகச் சேர்ந்த எதற்கும் பெயர் இல்லை. எல்லாம் ஒரே வேலையை ஏற்றிருந்தன. ஒன்று ஏற்றது மற்றதற்குத் தெரிந்த மாதிரியே இல்லை. ஒரே வீட்டுக்கு, ஒரே பெண்ணை, எப்படி இத்தனை பேர் கொண்டுவருவது?

படிவத்தைத் திறந்தார். அப்போதுதான் அந்தக் கட்டம் கண்ணில் பட்டது.

‘எத்தனை?’ காலியாக இருந்தது.

இந்த மலையில் யாரும் அந்தக் கட்டத்தை நிரப்புவதில்லை. காய் எடுப்புக்கு எண்ணிக்கை போட்டால், பத்து மூட்டை என்றால் பத்தோடு கையை உதறிவிட்டுப் போய்விடுவார்கள். காலியாக விட்டால், கிடைக்கிற வரை கொண்டுவா என்று அர்த்தம். கூட்டு பிறந்த நாளிலிருந்து அப்படித்தான்.

‘ஒன்று’ என்று போட்டார். ஏற்ற வேலையை மாற்ற முடியாது என்றது. மறுபடி போட்டார். மறுபடியும் அதையே சொன்னது. கீழே இரண்டே பொத்தான்கள் இருந்தன: ‘பெற்றுக்கொள்’, ‘முழுவதையும் திருப்பி அனுப்பு’.

ஐந்து மணி வாக்கில் மழை சட்டென்று நின்றது. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி, செடிகளை, வேலியை, வாசல்படியை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் ஒவ்வொரு சொட்டாகக் கேட்டது. பிறகு, ஓடைப் பக்கமிருந்து, ஜீப் இரண்டாம் கியரில் மேடேறுகிற உறுமல். ஒன்று. அதன் பின்னால் இன்னொன்று. பாலத்துக்கு மேல் இடுப்பளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது; அந்தப் பக்கமிருந்து எந்த வண்டியும் வர வழியில்லை.

மஞ்சள் வெளிச்சம் வாசலில் வந்து நின்றது. ஓட்டுகிற இடத்தில் யாரும் இல்லை. பின்கதவு திறந்தது.

பச்சைச் சுடிதார்.

“யப்பா.”

அதே குரல். ஏசுரத்தினம் படியில் ஒரு கால் வைத்தார். அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது, அன்னாள் அவரைத் தாண்டி ஓடினாள். அழக்கூட இல்லை அவள். போன வேகத்தில் கட்டிக்கொண்டு, முடியிலிருந்து தண்ணீரைப் பிழிந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, “எஞ்சாமி, எஞ்சாமி” என்று சொல்லிக்கொண்டே உள்ளே கூட்டிவந்தாள். நாற்காலியில் உட்காரவைத்தாள். புருவத்தில் தழும்பு இருந்தது. அவர் தொட்டுப் பார்த்தார். ஓடைக்கல்லின் குளிர்ச்சி.

“எங்கம்மா இருந்த இவ்வளவு நாளா?”

“யப்பா.”

“பசிக்கா?”

“யப்பா.”

அவர் எழுதியது அத்தனையும் இருந்தது. எழுதாதது எதுவும் இல்லை. காதில் கம்மல் இல்லை, கம்மல் போட ஓட்டையும் இல்லை. உள்ளங்கையில் ரேகை இல்லை. வெளியே இரண்டாவது கதவு திறந்தது.

“யப்பா.”

அன்னாள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம். அவ்வளவுதான். எழுந்து போய் அவளையும் கூட்டிவந்தாள்.

“அன்னா, விட்டுரு. இது நம்ம பிள்ள இல்ல.”

“எது இல்ல?” என்று கேட்டாள் அன்னாள். “இவளா, அவளா? ஒங்களுக்குத் தெரியுமா? இதுல ஒண்ணு அவளா இருந்தா?”

மூன்றாவது வந்தது. நான்காவது. நாற்காலி போதாமல் கட்டிலில், கட்டில் போதாமல் தரையில். எல்லாம் அவர் பக்கமே முகத்தைத் திருப்பி உட்கார்ந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் வடிந்தது. நிற்கவே இல்லை. சேற்று வாடை. அழுகிய இலை வாடை. தண்ணீர் கணுக்கால் வரை ஏறியது. அன்னாள் போர்வையை உருவி ஐந்தாவதற்குச் சுற்றினாள், ஆறாவதைத் தன் நெஞ்சோடு அணைத்துச் சூடேற்றப் பார்த்தாள். அவள் உதடு நீலமாகியிருந்தது. பல் அடிக்கிற சத்தம் கேட்டது.

“அன்னா.”

அவள் திரும்பவில்லை. கை விறைத்து, அணைத்தபடியே நின்றுவிட்டது. மூச்சு விட்டு விட்டு வந்தது.

வாசலுக்கு ஓடினார். பனிக்குள் விளக்குகள். பாலம் வரை. பாலத்துக்கு அப்பாலும். எண்ண முடியவில்லை.

இதில் ஒன்று அவளாக இருந்தால்? ஒருவேளை. ஆனால் உள்ளே இருந்தவள் உயிரோடு இருக்கிற அன்னாள். இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள். அவரிடம் மிச்சம் இருக்கிற ஒரே ஆள்.

அழுதுகொண்டே அழுத்தினார். ‘முழுவதையும் திருப்பி அனுப்பு’.

உறுதியா?

ஆம்.

எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. அன்னாளின் கையை விலக்கிக்கொண்டு, வரிசையாக, அவரைக் கடந்து, வண்டிகளுக்குப் போய் ஏறிக்கொண்டன. கடைசிக் கதவு சாத்திக்கொண்டது. வண்டிகள் திரும்பாமல் பின்னோக்கியே ஓடைக்கு இறங்கத் தொடங்கின. அன்னாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து, நீரில் சரிந்து உட்கார்ந்து, இருமி, மூச்சை இழுத்தாள். பிழைத்துக்கொண்டாள். அதற்காக அவர் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுத்தார்.

வேலியோரம் ஒரு ஜீப், இன்னும் கதவே திறக்காத ஒன்று, மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து குரல் வந்தது. வேலை முடிந்து களைத்து வருகிற பெண்ணின், கொஞ்சம் சலித்துக்கொண்ட குரல்.

“யம்மா, ஒத்தச் செருப்பு ஓடையோட போயிட்டு. இந்தச் சகதியில எப்படி எறங்க? அப்பாவ அந்த டார்ச்ச எடுத்துட்டு வரச் சொல்லேன்.”

அதில் ஒரு சொல்லைக்கூட அவர் படிவத்தில் எழுதியிருக்கவில்லை.

“ரிஞ்சு” என்றாள் அன்னாள்.

அவர் போனைக் குத்தினார். குத்திக்கொண்டே ஓடினார். வேலை முடிந்தது என்றது போன். வேலை முடிந்தது. வேலை முடிந்தது.

“யம்மா? வண்டி ஏன் பின்னால போவுது?”

கதவின் பிடி கைக்கு எட்டியது. வழுக்கியது. கண்ணாடிக்கு உள்ளே ஒரு கை, காதுப் பக்கம் ஒரு கம்மலின் மினுக்கம். முதலில் மெதுவாகத் தட்டினாள். பிறகு வேகமாக. பிறகு இரண்டு கையாலும்.

பாலத்தின் மேல் ஓடிய தண்ணீருக்குள் வண்டிகள் ஒவ்வொன்றாகப் பின்பக்கமாக இறங்கின. இடுப்பளவு நீரில் ஏசுரத்தினம் நின்றார். விளக்குகள் அணையவில்லை. கலங்கிய தண்ணீருக்கு அடியில் மஞ்சளாக, வரிசையாக எரிந்துகொண்டிருந்தன; அவற்றில் காலுக்கு மிக அருகில் இருந்த ஒன்றிலிருந்து, கண்ணாடியைத் தட்டும் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது.